பசியை அடக்கும் ஊசியும் உணவு அட்டவணையும்

உடல் எடையைக் குறைக்க மருந்தா, வாழ்க்கைமுறை மாற்றமா என்ற கேள்வி நம்மிடம் வரும்போதே ஒழுக்கத் தீர்ப்பையும் இழுத்துக்கொண்டு வருகிறது. ஊசி போட்டுக்கொள்பவர் குறுக்குவழிக்காரர். வாயைக் கட்டி, நடந்து இளைத்தவர் மனவுறுதிக்காரர். இந்த இருமை எதிர்வில் ஏதாவதொரு பக்கம் போய் நிற்பதற்கு முன், இதை யார், யாரிடம், எந்த மண்ணில் நின்று கேட்கிறார்கள் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் அறிவியலின் பிரதியையே வாசிப்போம். 2021இல் வெளியான செமாகுளூடைட் ஆய்வில் 1,961 பேர் சேர்க்கப்பட்டார்கள். 68 வாரங்களில், வாரம் ஒரு ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குச் சராசரியாக 14.9 சதம் எடை குறைந்தது. மருந்தில்லாத ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு 2.4 சதம். இதை மருந்தின் வெற்றி என்று கொண்டாடுகிறவர்கள் ஒன்றைச் சொல்லாமல் விடுகிறார்கள். உணவுக் கட்டுப்பாடும் வாரம் 150 நிமிட உடலுழைப்பும் இரு தரப்புக்கும் சொல்லித் தரப்பட்டன. ஆக, 'அல்லது' என்ற சொல் அந்த ஆய்வுக்குள் கிடையாது. அது வெளியே, சந்தையிலும் வீட்டுத் திண்ணையிலும் முளைத்தது. ஊசியை நிறுத்தியவர்களைத் தொடர்ந்து பார்த்தபோது, ஓராண்டில் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. இதை மனவுறுதிக் குறைவு என்பதா? குடலில் சுரக்கும் ஒரு ஹார்மோனின் வேலையை எடுத்துக்கொண்டு மூளையிடம் 'போதும்' என்று சொல்கிறது இந்த மருந்து. சொல்ல ஆளில்லாதபோது பசி திரும்பி வருகிறது.

நம்மூர் ஆய்வும் ஒன்று உண்டு. சென்னையில் டாக்டர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு. எடைக் குறைப்பு அதன் நோக்கமில்லை. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை உள்ளே போகவிடாமல் தடுக்க முடியுமா என்று மூன்றாண்டு பார்த்தார்கள். வாழ்க்கைமுறை மாற்றம் நோய் வாய்ப்பை 28.5 சதம் குறைத்தது. மெட்ஃபார்மின் மாத்திரை 26.4 சதம். இரண்டும் சேர்ந்தபோது 28.2 சதம். எடை பெரிதாக இறங்காமலேயே நோய் தள்ளிப்போனது. தராசு முள்ளை மட்டும் நீதிபதியாக்குவது எவ்வளவு அவசரம் என்பதற்கு இது போதும்.

'வாழ்க்கைமுறை' என்ற சொல்லையும் கட்டுடைத்தாக வேண்டும். முறை இருக்க வேண்டுமென்றால் முதலில் வாழ்க்கை ஒருவர் கையில் இருக்க வேண்டும். பிளாட்டோவின் 'குடியரசு' மூன்றாம் பகுதியில் ஒரு தச்சன் வருகிறான். நோய் கண்டால் வாந்தி மருந்தோ பேதி மருந்தோ கேட்பான். நீண்ட பத்தியம் சொன்னால், அதுக்கெல்லாம் நேரமில்லை என்று வேலைக்குத் திரும்பிவிடுவான். பிளாட்டோவுக்கு அதில் சம்மதம்தான். வேலை செய்ய முடியாத தச்சன் உயிரோடிருந்து என்ன பயன் என்பது அவர் கணக்கு. கிரேக்கப் பத்திய ஒழுங்கை 1984இல் விரிவாக ஆராய்ந்த ஃபூக்கோவும், அது சுதந்திர ஆண்கள் தம்மைத் தாமே ஆண்டுகொள்ளும் கலை என்றுதான் காட்டுகிறார். ஓய்வுள்ளவனுக்குப் பத்தியம், தச்சனுக்கு மருந்து.

இன்று அது தலைகீழாகியிருக்கிறது. 2025 மார்ச்சில் இந்தியச் சந்தைக்கு வந்த மௌன்ஜாரோவின் தொடக்க அளவுக் குப்பி ஒன்று 3,500 ரூபாய் என்று விலை வைக்கப்பட்டது. வாரம் ஒன்று, மாதம் நான்கு. மருந்து ஓய்வுள்ளவனுக்குப் போய்விட்டது. பத்தியம் தச்சன் தலையில்.

காவிரி டெல்டாவின் கூலிக்காரப் பெண்ணை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். இங்கே பசி என்பது அரசியல் சொல். நெல் கூலி அரைப்படி கூடக் கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சியாக 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அந்தத் தலைமுறையின் பேத்திகளைப் பார்த்து இன்று 'சோத்தைக் கொறைம்மா' என்கிறோம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகப் பெண்களில் 40.4 சதம் பேர் அதிக எடை அல்லது உடல்பருமன் உள்ளவர்கள். இவ்வளவு பேருக்கும் ஒரே நேரத்தில் மனவுறுதி போய்விட்டதா என்ன?

2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பட்டினிக்கு எதிரான பெரிய வெற்றி அது. அதை இளக்காரம் செய்கிற குரலோடு நமக்கு ஒட்டுமில்லை உறவுமில்லை. ஆனால் அதே ரேஷனில் துவரம்பருப்பு மாதம் ஒரு கிலோ, பாமாயில் லிட்டர் 25 ரூபாய். முட்டைக்கும் காய்க்கும் கடை விலை. இன்னொரு பக்கம் நடவு மிஷினும் கதிரறுக்கும் மிஷினும் வந்து வேலைநாளைத் தின்றுவிட்டன. மிஷின் பிடுங்கிக்கொண்ட உழைப்பை, 'வாக்கிங்' என்று பேர் மாற்றி, கூலி இல்லாமல் அவளிடமே திருப்பித் தருகிறது ஆஸ்பத்திரியில் கொடுக்கிற அட்டவணை. காலையில் ஓட்ஸ் என்று தொடங்கும் அந்த அட்டவணையில் பழைய சோற்றுக்கு இடமில்லை.

'அந்தக் காலத்துச் சாப்பாடு' என்கிற ஏக்கமும் இதற்கு மாற்றாகாது. அந்தக் காலத்துப் பண்ணையாளின் ஒட்டிய வயிறு ஆரோக்கியமில்லை, பட்டினி. 2018இல் மறைந்த நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் பாரம்பரிய விதைகளைச் சேர்த்து விவசாயிகளிடம் பரப்பினார். அப்படி மீண்ட மாப்பிள்ளைச் சம்பா இன்று நகரத்துக் கடையில் ஆரோக்கியப் பண்டமாக உட்கார்ந்திருக்கிறது. ஊசி மட்டுமில்லை, இயற்கையும் சரக்காகிவிட்டது.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் பெரும்பாலும் உணவளவைத்தான் பேசுகிறது என்று காட்டி, மருந்தே வேண்டாம் என்கிற தமிழாசிரியர்கள் உண்டு. அந்த அதிகாரத்தின் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாக்குகிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பார்ப்பவர். மருந்து அங்கே இருக்கிறது, தனியாக இல்லை.

ஆகவே, தேவைப்படுகிறவர் மருத்துவரோடு பேசி ஊசி போட்டுக்கொள்ளட்டும். குமட்டல், வாந்தி, கொழுப்போடு தசையும் குறைவது, நிறுத்தினால் எடை திரும்புவது எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவெடுக்கட்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. போடாதவருக்குப் பெருமைப்படவும் ஒன்றுமில்லை. நம்முடைய வேலை வேறு. செமாகுளூடைடின் இந்தியக் காப்புரிமைக் காலம் 2026 மார்ச்சு வரைதான். அதற்குப் பின் விலை இறங்குகிற மருந்து அரசு ஆஸ்பத்திரிச் சீட்டில் வருமா என்று கேட்க வேண்டும். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வாசலுக்கே கொண்டுபோகிறது. வழி இல்லாமல் இல்லை. அதே மனுவில், அதே மூச்சில், ரேஷனில் பருப்பைக் கூட்டு, முட்டை கொடு, வேலைநாளையும் கூலியையும் உறுதி செய் என்றும் எழுத வேண்டும். அரைப்படி கூடக் கேட்டவர்களின் பேத்திகள் கேட்க வேண்டியது இதைத்தான். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று அவர்களிடம் சொல்ல நமக்கு உரிமையில்லை.