கனன்று சிவந்த கம்பி

கடைசல் இயந்திரத்தில் உருண்டு திரண்டு வெளிவந்த மேப்பிள் மரக் கிண்ணத்தின் வெளிறிய விளிம்பில், கனன்று சிவந்த கம்பி முனையை அரைக்கணம் அழுத்தி எடுத்தால், மீன் செதிலை ஒத்த கருஞ்சுவடு புகைமணத்தோடு பதிந்துவிடுகிறது. அத்தகைய சுவடுகள் வரிசை வரிசையாய் நெருங்கி அமைகையில் மரத்துக்கு உண்டாகும் சௌந்தரியம், வர்ணப்பூச்சினால் ஒருபோதும் வருவதன்று என்பது என் அபிப்பிராயம்.

சாதாரணச் சூட்டுக்கோல் மரத்தைத் தொட்டதும் சூடிழந்து தயங்கும். ஆதலால் கைவினைஞர் சிலர் வீட்டிலேயே அமைத்துக்கொள்ளும் கருவியில், மின்மாற்றியானது வீட்டு மின்சாரத்தைச் சில வோல்ட்டுகளாகத் தாழ்த்தி, ஆம்பியரை வெகுவாகப் பெருக்கி, தடித்த செம்புக் கம்பிகள் வழியே நிக்ரோம் முனைக்கு அனுப்புகிறது. 1906-இல் ஆல்பர்ட் மார்ஷ் காப்புரிமை பெற்ற, நிக்கலும் குரோமியமும் கலந்த அந்த உலோகம், தன் மேனியில் தானே படரும் ஆக்ஸைடுப் படலத்தின் ரட்சணையால், செக்கச் சிவக்கச் சூடேறியும் எளிதில் எரிந்து தேயாமல் நிற்பது ரசாயனத்தின் அற்புதமே. அந்த நிக்ரோம் கம்பியைக் குறட்டால் வளைத்து, செதிலோ பிறையோ, வேண்டிய வடிவத்தைக் கைவினைஞர் தாமே ஆக்கிக்கொள்ளும் சுதந்திரத்தையே நான் யாவற்றினும் மேலாக மதிக்கிறேன்.