சுவருக்கு ஒரு க்ளைன்

அரூப ஓவியத்தின் அச்சுப் பிரதியை ஃபிரேம் போட்டு வாங்க நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் ஓவியர் ஃபிரான்ஸ் க்ளைன். ஜாக்சன் பொல்லாக்கின் 'ஒன்: நம்பர் 31, 1950' ஐந்து மீட்டருக்கும் மேல் அகலம். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் அதை இரண்டடிக்குச் சுருக்கினால், சொட்டிய பெயின்ட்டின் ஓட்டமெல்லாம் நூல் சிக்கலாகிவிடும். ரோத்கோவின் வண்ணங்கள் மெல்லிய பூச்சுகளாக ஒன்றன்மேல் ஒன்று படிந்து உள்ளிருந்து ஒளிர்பவை. பளபளப்பான தாளில் அந்த ஒளி செத்துப்போகும்.

க்ளைன் சின்ன அச்சிலும் தாங்குவார். டெலிபோன் டைரக்டரித் தாள்களில் மையால் கோடு இழுத்துப் பார்த்தவர் அவர். பெரிய கான்வாஸ்கள் சில அப்படிப்பட்ட சின்னத் தாளில் பிறந்தவை. அவருடைய கறுப்பு-வெள்ளை ஓவியங்களில் கறுப்பின் ஓரத்தைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். வெள்ளை அங்கே வெறும் இடமல்ல, அதுவும் பூசியதுதான். சில இடங்களில் அது கறுப்பின்மேல் ஏறி அதை உள்ளே தள்ளியிருக்கும். காய்ந்த தூரிகை இழுபட்ட தடம்கூடத் தெரியும். இதெல்லாம் தெரியாமல் கறுப்பு ஒரே மசியாக இருந்தால் அந்தப் பிரதி வேண்டாம்.

மேட் தாளாகக் கேளுங்கள். ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறதா என்று அருங்காட்சியக நூலில் உள்ள படத்தோடு ஒப்பிடுங்கள். கோடுகள் விளிம்பை இடித்துக்கொண்டு போவதில்தான் க்ளைனின் வேகமே இருக்கிறது. அரை அங்குலம் போனாலும் போச்சு. கண்ணாடி தாளில் ஒட்டாதிருக்க மவுண்ட் வைக்கச் சொல்லுங்கள், அதுவும் விளிம்பை மூடாமல். ஃபிரேமுக்கு மெல்லிய கறுப்பு மரம் போதும், தங்கப்பூச்சு வேண்டவே வேண்டாம். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மட்டும் மாட்டாதீர்கள். கறுப்பு முழுக்க ஜன்னல்தான் தெரியும்.