ஊடகக் கல்வியும் துறையெல்லையும்: லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி ஆய்வாளர் இருவரின் தமிழ் ஆய்வுகளை முன்வைத்து

ஊடகத்தைக் கற்பிக்க உரிய துறை எது என்னும் வினா இந்தியப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் நிருவாக வினாவாகவே எழுகிறது. இதழியல் துறை தொழிற்பயிற்சியைத் தன் பொறுப்பாகக் கொள்ளும். தமிழ்த்துறை இதழியலையும் திரைப்பாடலையும் விருப்பப் பாடங்களாக வைத்து அமைதியுறும். தேசியக் கல்விக் கொள்கை (2020) பல்துறைக் கல்வியை வலியுறுத்திய பின்னர் அமெரிக்க லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி முன்மாதிரியாகப் பேசப்படுகிறது. இளங்கலைக் கல்வியையே முதன்மையாகக் கொண்டு, மாணவரை ஒரே துறைக்குள் அடைக்காது, மானுடவியலையும் இசையையும் இயற்பியலையும் அருகருகே பயிலச் செய்யும் சிறு கல்லூரி அது. அத்தகைய கல்லூரிகளில் பணியாற்றிய இருவர் தமிழ் ஊடகம் பற்றி நூல்கள் எழுதியுள்ளனர். முன்மாதிரியின் தகுதியை அந்நூல்களைக் கொண்டு அளப்பது தமிழாய்வுக்குப் பயன் தருவதாகும்.

மெய்ன் மாநிலத்தில் 1794இல் நிறுவப்பெற்ற போடின் கல்லூரியில் மானுடவியல் பயிற்றுவித்தவர் சாரா டிக்கி. 1980களில் மதுரையில் களப்பணி செய்து, தென்னிந்திய நகர ஏழைகளும் சினிமாவும் என்னும் பொருளில் அவர் எழுதிய நூல் 1993இல் வெளிவந்தது. திரைப்படம் என்ன சொல்கிறது என்பதைவிட, அரங்கைவிட்டு வெளியே வந்தவர் அதைக்கொண்டு என்ன செய்கிறார் என்பதே அவர் வினா. கூலி வேலை, குடும்பக் கடன், ரசிகர் மன்றத்தின் சமூகப்பணி ஆகியவற்றுக்கு நடுவே படம் பார்த்தல் ஒரு வாழ்க்கைச் செயலாக அங்குத் தெரிகிறது. படக்கதையைச் சுருக்கிக் கருத்தைப் பட்டியலிடும் ஆய்வேடுகளில் காணக் கிடைக்காத பகுதி இது. ஆயின் வசனத்தின் மொழிநடை அந்நூலின் மையப் பொருளன்று. நாயகன் எவரிடம் எந்த வழக்கில் பேசுகிறான், செந்தமிழ் எப்போது ஒலிக்கிறது என்பன தமிழ் மாணவர் உடனே கேட்கும் வினாக்கள். அதே மதுரையில் அரசியல் மேடைப்பேச்சை ஆராய்ந்த பெர்னார்ட் பேட், செந்தமிழ் நடையையே ஆய்வுப்பொருளாக்கினார் (2009). அவர் பின்னர் சிங்கப்பூரின் லிபரல் ஆர்ட்ஸ் நிறுவனமான யேல்-என்யுஎஸ் கல்லூரியில் பணியாற்றி, 2016இல் மறைந்தார். அக்கல்லூரியும் 2025இல் மூடப்பெற்றது. எனினும் மேடைத்தமிழ் பற்றிய நூல் அக்கல்லூரிக்கு அவர் செல்வதற்கு முன்பே எழுதப்பட்டதாகும்.

1885இல் பெண்களுக்கெனத் தோன்றிய பிரின் மார் கல்லூரியின் மானுடவியலாளர் ஆமண்டா வைட்மனின் நூல்கள் இன்னும் நெருக்கமான கவனத்திற்குரியவை. கருநாடக இசையில் வயலின் பயின்ற அவர், அவ்விசையின் நவீன அரசியலை 2006இல் நூலாக்கினார்; பின்னணிப் பாடலை ஆராயும் நூல் 2021இல் வந்தது. தமிழ்த்துறையில் திரைப்பாடல் என்றால் பாடலாசிரியர் எழுதிய வரிகளே. உவமை, சமுதாயச் சிந்தனை, இலக்கியத் தாக்கம் என ஆய்வு வரிகளோடு முடிந்துவிடும். வைட்மன் வரியிலிருந்து தொடங்குவதில்லை, குரலிலிருந்து தொடங்குகிறார். திரையில் தோன்றும் உடல் ஒருவருடையதாகவும் ஒலிக்கும் குரல் வேறொருவருடையதாகவும் பிரிந்தபோது, பாடகிக்கு எவ்வகை மதிப்பு உண்டாயிற்று? மேடையில் அசையாது நின்று பாடுதல் ஏன் பண்பின் அடையாளமாயிற்று? பி. சுசீலாவின் குரலுக்கு ஒரு நிலையும் எல்.ஆர். ஈஸ்வரியின் குரலுக்கு வேறொரு நிலையும் எவ்வாறு வகுக்கப்பட்டன? எம்.ஜி.ஆருக்கும் சிவாஜி கணேசனுக்கும் பாடிய டி.எம். சௌந்தரராஜனின் குரல் எங்ஙனம் தமிழ் ஆண்மையின் குரலாயிற்று? பாலினம், இசை, ஒலிப்பதிவு, அரசியல் ஆகிய நான்கும் இங்குத் தனித்தனி இயல்களாகப் பிரிக்கப்படவில்லை. ஒரே குரலைக் கேட்பதற்கு நான்கும் தேவைப்படுகின்றன.

ஈஸ்வரியின் பாடல்களில் வரும் சிரிப்பும் பெருமூச்சும் எந்தப் பாட்டுப் புத்தகத்திலும் அச்சாவதில்லை. எழுத்தில் வாராத இவ்வொலிகளுக்குத் தமிழ் மரபில் பேச்சே இல்லை என்பதற்கில்லை. நகையை முதலாகக் கொண்டு எட்டு மெய்ப்பாடுகளை வகுத்த தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும் அதன் உரைகளும் உடலில் புலப்படும் உணர்வைப் பேசுகின்றன. பாடகியின் உடல் மறைக்கப்பட்டு, மெய்ப்பாடு குரலில் மட்டும் எஞ்சும் நிலையை அவ்வியலின் துணையோடு ஆராய்வது தமிழறிஞர் செய்யத்தக்க பணி. வைட்மன் விட்டுச் சென்ற இடமும் இதுவே. அம்மன் பக்திப் பாடல்களில் அதே ஈஸ்வரி குரல் வேறொரு மெய்ப்பாட்டைப் பெறுவது தனி ஆய்வுக்குரியது.

துறை கடந்த ஊடக ஆய்வு அமெரிக்கக் கல்லூரிகளின் கொடை எனக் கொள்வதும் பொருந்தாது. தமிழ்ப் பேராசிரியரான கார்த்திகேசு சிவத்தம்பியின் தமிழ்த் திரைப்படம் பற்றிய சிறுநூலும், அஞ்சல்துறை அதிகாரியாக இருந்த தியடோர் பாஸ்கரனின் நாடக, சினிமா வரலாறும் 1981இலேயே வந்துவிட்டன. எம்.ஜி.ஆர். பற்றிய எம்.எஸ்.எஸ். பாண்டியனின் நூல் (1992) பொருளியல் கற்ற ஒருவர் எழுதியது. தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதல் நிகழ்த்துகலைக் களம் திரையரங்கே என்றும், அங்கு இருக்கையைத் தீர்மானித்தது சமூகப் படிநிலையன்று, வாங்கும் ஆற்றலே என்றும் சிவத்தம்பி கண்டார். பண்டைத் தமிழ்ச் சமூகத்தின் நாடகத்தை முனைவர் பட்டத்திற்கு ஆராய்ந்தவர் என்பதால் அவருக்கு அக்கூற்று கைகூடியது. திரைப்படத்தை மட்டும் கற்றவருக்கு அது எளிதில் புலப்பட்டிராது.

எனவே பாடத்திட்டத்தில் சமூகவியல் தாள் ஒன்றையும் இசைத்தாள் ஒன்றையும் ஊடகத்தாள் ஒன்றையும் அடுக்கிவைப்பதனைப் பல்துறைக் கல்வி எனல் மிகை. அவற்றை இணைக்கும் வேலை பதினெட்டு வயது மாணவரிடம் விடப்படுகிறது. ஆசிரியர் அவ்வேலையில் பங்கேற்பதில்லை. தமிழகத்திற்கு வெளியேயுள்ள தமிழ்த்துறைகளுக்கு இவ்வகையில் எதிர்பாராத வாய்ப்பு ஒன்று உண்டு. அங்கு விருப்பப் பாடத்திற்கு வருவோருள் வரலாறும் சமூகவியலும் பயில்வோர், தமிழை இப்போதுதான் கற்கத் தொடங்கியோர் உளர். ஒரு திரைப்பாடலை ஒலிக்கச் செய்தால் தமிழறிந்த மாணவர் முதலில் வரியைக் கேட்பார். அறியாதவர் குரலையும் சிரிப்பையும் கேட்பார். இவ்விருவரும் ஒரே வகுப்பில் அமர்ந்து, தாம் கேட்டதை ஒருவருக்கொருவர் எழுதிக் காட்டுமாறு பாடம் அமைக்கலாம். அதற்குப் புதிய துறை எதுவும் தேவையில்லை. ஒலிக்கருவியும், வாரத்திற்கு மூன்று மணி நேரமும், வேறு துறையிலிருந்து வந்து உடனிருந்து கேட்கும் ஆசிரியர் ஒருவரும் போதும்.