‘எதிர்ப்புக் கடன்’ சரியான சொல்தானா?

காய்ச்சல் பரவியதால் 2022 செப்டம்பரிலும் 2023 மார்ச்சிலும் புதுச்சேரியில் எட்டாம் வகுப்பு வரை பள்ளிகள் மூடப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கலாம். இரண்டாம் முறை, எச்3என்2 என்னும் இன்ஃபுளுயன்சா பரவலால் மார்ச் 16 முதல் 26 வரை விடுமுறை. நம் பக்கத்தில் ஃபுளூ பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழையோடு தலைதூக்குவது. மழை இல்லாத மாதங்களில் ஏன் வந்தது என்று கேட்டால், “கொரோனாவில் வீட்டிலேயே கிடந்து பிள்ளைகளுக்கு எதிர்ப்புச் சக்தி போய்விட்டது” என்றார்கள் பலர்.

இதற்குப் படித்தவர்கள் இட்ட பெயர் ‘நோய் எதிர்ப்புக் கடன்’. 2021இல் பிரெஞ்சுக் குழந்தை மருத்துவர்கள் பரப்பிய சொல் இது. (பிரெஞ்சுக்காரர் சொன்னார் என்பதற்காகப் புதுவையில் அதற்குத் தனி மரியாதை வேண்டாம்!)

சொல்லில் உண்மையும் உண்டு. ஃபுளூ நோயாளி சராசரியாக ஒருவருக்குச் சற்று மேல்தான் நோயைப் பரப்புகிறார். தொடக்கக் காலக் கொரோனாவோ இரண்டு மூன்று பேருக்குப் பரவியது. ஆகவே, கொரோனாவின் வேகத்தைக் குறைக்க மட்டுமே போதுமாக இருந்த முகக்கவசமும் ஊரடங்கும் ஃபுளூவை ஏறக்குறைய அணைத்தேவிட்டன. அதற்குள் அந்த வைரஸ்களையே சந்திக்காத குழந்தைகள் பெருகினர். காய்ந்த விறகு குவிந்திருந்தால் எந்த மாதத்துப் பொறியும் போதுமல்லவா? ஆஸ்திரேலியாவில் குளிர்காலத்துக்குரிய ஆர்.எஸ்.வி. வைரஸ், 2020 இறுதியில் கோடையின் வாயிலில் பரவியது.

ஆனால் பெருகியது நோய்க்கு இலக்காகக்கூடியவர்களின் எண்ணிக்கை. ஒவ்வொரு குழந்தையின் உடலும் துருப்பிடித்துவிடவில்லை. ‘கடன்’ என்ற சொல் இந்த வேறுபாட்டை மறைக்கிறது. கடன் என்றால் தீர்த்தாக வேண்டும். எனவே நோய் வருவதே நல்லது என்று பெற்றோர் எண்ணத் தொடங்குகிறார்கள். ஆர்.எஸ்.வி.யை எடுத்துக்கொள்ளுங்கள். மூச்சுக்குழல்கள் மிகக் குறுகலாக உள்ள கைக்குழந்தைக்குத்தான் அது பெரும் ஆபத்து. மூன்று மாதத்தில் வரவேண்டியது மூன்று வயதில் வந்தால் அது கடனா, இலாபமா?

கணக்கில் சேராத வைரஸ்களும் உண்டு. சாதாரணச் சளிக்குக் காரணமான ரைனோவைரஸ் ஊரடங்கிலும் ஒழியவில்லை. அதற்குக் கொழுப்பு உறை கிடையாது. சோப்பும் சாராயக் கரைசலும் அதை எளிதில் சிதைப்பதில்லை. இன்ஃபுளுயன்சா ‘பி’யின் யமகாட்டா கிளையோ 2020 மார்ச்சுக்குப் பிறகு எங்கும் உறுதியாகக் கண்டறியப்படவில்லை. கடன் வாதப்படி அது இருமடங்காகத் திரும்பியிருக்க வேண்டும். 2023 செப்டம்பரில் உலகச் சுகாதார நிறுவனம், தடுப்பூசியில் அதைச் சேர்க்கத் தேவையில்லை என்றே கூறிவிட்டது.