ஸ்ட்ரெயிட் பூல்: பார்க்கவேண்டிய ஆட்டப் பதிவுகள்

ஸ்ட்ரெயிட் பூல் பதினைந்து பந்துகளைக் கொண்டு ஆடப்படும் மேசை ஆட்டம். எந்தப் பந்தையும் ஆறு குழிகளில் எதிலும் வீழ்த்தலாம். எந்தப் பந்து, எந்தக் குழி என்று முன்பே சொல்லிவிட வேண்டும். பந்துக்கு ஒரு புள்ளி. பதினான்கு பந்துகள் விழுந்ததும் அவற்றை மீண்டும் முக்கோணமாக அடுக்குவார்கள். எஞ்சிய ஒரு பந்தைக் குழியில் வீழ்த்தும் அதே அடியில் வெள்ளைப் பந்து அந்த அடுக்கையும் உடைக்க வேண்டும். ஆட்டத்தின் உயிர் இங்கேதான். எந்தப் பந்தை எஞ்சவிடுவது என்பதை நல்ல ஆட்டக்காரர் வெகு முன்பே தீர்மானித்திருப்பார்.

ஊட்டி கிளப்புடன் சேர்த்துப் பேசப்படும் ஸ்னூக்கரைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது சிறுபிள்ளை விளையாட்டாகத் தோன்றலாம். அடிகள் அவ்வளவு குறுகியவை.

பெரிதும் பேசப்படுபவை சாதனைகள். வில்லி மாஸ்கோனி 1954-ல் ஓஹாயோவின் ஸ்பிரிங்ஃபீல்டில் தொடர்ந்து 526 பந்துகளை வீழ்த்தினார். அதற்குப் படப்பதிவு இல்லை. ஜான் ஷ்மிட் 2019-ல் 626, ஜேசன் ஷா 2022-ல் 714. பின்னவை இரண்டும் மலைக்கவைப்பவை, ஆனால் எதிராளி இல்லாத தனி முயற்சிகள். தவறினால் மறுபடி தொடங்கலாம். மணிக்கணக்கில் பார்க்கும்போது அந்தக் குறை தெரிகிறது.

ஆகவே முதலில் பார்க்கவேண்டியது 1992 அமெரிக்க ஓப்பன் இறுதியாட்டம். மைக் ஸுக்லனுக்கு எதிராக மைக் சிகல் 150 புள்ளிகளையும் ஒரே தொடரில் எடுத்தார். ஒரு பந்து தவறினால் மேசை ஸுக்லனுடையது. இரண்டாம் முறை பார்க்கையில், சிகல் எஞ்சவிடும் பந்தை மட்டும் கவனிக்கலாம்.

‘தி ஹஸ்லர்’ (1961) படத்துக்கு மாஸ்கோனியே ஆலோசகர். நல்ல படம்; ஆனால் அதன் கண் மேசையைவிட முகங்களின் மேல்தான்.