மனநிறைவா, கவனமா? புற்றுநோயாளர்க்கான உளச்சிகிச்சையும் தமிழ்ச் சொல்லாக்கமும்

முன்னுரை

'மைண்ட்ஃபுல்னஸ்' என்னும் சொல்லுக்குத் தமிழில் 'மனநிறைவு', 'நினைவாற்றல்', 'விழிப்புணர்வு' எனப் பல பெயர்ப்புகள் வழங்குகின்றன. பிற துறைகளில் இது சொல்லாக்கச் சிக்கலாக மட்டும் நின்றுவிடலாம். புற்றுநோயாளரிடம் சென்று சேரும்போதோ, சிகிச்சையிலிருந்து அவர் எதனை எதிர்பார்க்கலாம் என்பதையும் அச்சொல்லே வரையறுத்துவிடுகிறது. இவற்றுள் 'மனநிறைவு' என்பதே பெரிதும் பிழையான புரிதலுக்கு இட்டுச்செல்கிறது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

பயிற்சியின் இயல்பு

ஜான் கபாட்-ஜின் 1979ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில், நாட்பட்ட வலி முதலியவற்றால் துன்புற்றோருக்காக மன அழுத்தக் குறைப்புப் பயிற்சியைத் தொடங்கினார். இன்று பொதுவாக 8 வாரங்கள் நடைபெறும் இப்பயிற்சியில் மூச்சைக் கவனித்தல், உடலை உறுப்புறுப்பாக உணர்ந்து வருதல், மென்மையான யோகா ஆகியன இடம்பெறுகின்றன. கனடாவின் கால்கரி நகரில் லிண்டா கார்ல்சன், மைக்கேல் ஸ்பெக்கா ஆகியோர் இதனைப் புற்றுநோயாளர்க்கேற்பத் தகவமைத்தனர்.

நிகழ்கணத்தில் எழுவதை நன்று, தீது என மதிப்பிடாமல் நோக்குவதே இதன் அடிப்படை. ஸ்கேன் முடிவுக்குக் காத்திருப்பவரின் அச்சம் அகல வேண்டும் என்று இப்பயிற்சி கோருவதில்லை. அச்சத்தை அச்சமாகவே அறியச் சொல்கிறது. எனவே 'மனநிறைவு' என்பது எதிர்பார்க்கப்படும் விளைவொன்றின் பெயரேயன்றிப் பயிற்சியின் பெயரன்று.

ஆய்வுகள் காட்டும் அளவு

கால்கரிக் குழுவினர் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெற்றோரிடம் மனநிலைக் குலைவும் அழுத்தமும் குறைந்தன. ஆயினும் ஒப்பீட்டுக் குழுவினர் காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்கள். குழுவின் துணையும் பயிற்றுநரின் அக்கறையும் அவர்களுக்குக் கிட்டவில்லை. ஆகவே பயன் முழுவதையும் பயிற்சிக்கே உரியதாக்க இயலாது. 2013ஆம் ஆண்டு ஆய்வு இக்குறையைப் பெரிதும் களைந்தது. மனவுளைச்சலுற்றிருந்த, மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 271 பெண்கள் அதில் பங்கேற்றனர். உணர்வுகளைப் பகிரும் ஆதரவுக் குழுச் சிகிச்சையோடு ஒப்பிட்டபோதும் அழுத்த அறிகுறிகள் இப்பயிற்சியால் மிகுதியாகக் குறைந்தன.

மார்பகப் புற்றுநோயாளர் குறித்த 2019ஆம் ஆண்டுக் காக்ரேன் திறனாய்வு, கவலையும் மனச்சோர்வும் சிறிதளவு குறையக்கூடும் என்றும், நெடுங்காலப் பயன் உறுதியில்லை என்றும் மதிப்பிட்டது. ஆக, ஆய்வுகள் காட்டும் பயன் உண்மையானது, ஆனால் அளவானது. கட்டியைக் கட்டுப்படுத்தும் மருத்துவமாக இதனைக் கொள்ள இடமில்லை.

சொல் ஏற்றும் சுமை

இவ்வளவான பயனுக்கு 'நிறைவு' எனப் பெயரிடும்போது, பயிற்சிக்குப் பின்னும் அழுகின்ற நோயாளர் தாமே தோற்றுவிட்டதாகக் கருதக்கூடும். நோயின் சுமையோடு குற்றவுணர்வும் சேர்கிறது. 'நினைவாற்றல்' என்பதும் தக்கதன்று. வேதிச்சிகிச்சைக்குப் பின் மறதியால் வருந்துவோர் இதனை ஞாபகப் பயிற்சி என்றே கொள்வர். 'புற்றுநோய் விழிப்புணர்வு' என்பதோ நோயறிதல் பரப்புரைக்கு முன்னரே நிலைத்துவிட்ட தொடர்.

முடிவுரை

'கவனப் பயிற்சி' என்னும் தொடரை இக்கட்டுரை பரிந்துரைக்கிறது. மதிப்பிடாமை என்னும் கூறு இதில் வெளிப்படவில்லை. பேச்சுவழக்கில் 'கவனம்' எச்சரிக்கையையும் குறிக்கும். இக்குறைகளை விளக்கத்தால் ஈடுசெய்யலாம். சிகிச்சை தராத ஒன்றைத் தருவதாக இது வாக்களிப்பதில்லை என்பதே இதன் தகுதி. மருத்துவத் தமிழில் சொல்லின் செம்மையை அகராதியோடு மட்டுமன்றி, அதைக் கேட்கும் நோயாளரின் நிலையோடும் ஒப்பிட்டு மதிப்பிடுதல் வேண்டும்.