தாங்குகிற சபை, தாங்கப்படுகிற ஊழியர்

விழுப்புரத்திலிருந்து காணை, கெடார் வழியாகத் திருவண்ணாமலை போகும் சாலையை ஒட்டிய ஊர்ச் சபைகளில் அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பார்த்தவர்களுக்கு, ஒரு பூசணிக்காய் எப்படி ஆயிரம் ரூபாயைத் தாண்டும் என்பது தெரியும். ஏலம் எடுத்தவர் காயை வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. திரும்பவும் பீடத்தடியில் வைத்துவிடுவார், மறுபடி ஏலம் போகும். நெல் மூட்டை, கரும்புக் கட்டு, வாழைத்தார், நாட்டுக்கோழி எல்லாம் இப்படியே கைமாறும். முடிவில் பொருளாளர் தொகையை வாசிப்பார். அதில் ஒரு பங்கு மிஷனரி காணிக்கையாக ஒதுக்கப்பட்டு, ஜார்க்கண்டிலோ குஜராத்திலோ உள்ள ஓர் ஊழியர் குடும்பத்துக்குப் போகும். கூலி வேலைக்குப் போகிறவர்களும் ஏரிப் பாசனத்தை நம்பிப் பயிர் வைக்கிறவர்களும் தருகிற பணம் இது. இந்த வழக்கத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. அது செம்மையாக நடக்க வேண்டும் என்ற அக்கறையில்தான் அதன் ஓட்டைகளையும் இங்கே பேசுகிறேன்.

நம் பகுதி கொடுக்கக் கற்றுக்கொள்வதற்கு முன் பெற்றுக்கொண்ட பகுதி. சாதி வேறுபாட்டுக்கு இடம் கொடுப்பதாக லைப்சிக் மிஷனோடு மோதிப் பிரிந்த கார்ல் ஓக்ஸ், 1861இல் பண்ருட்டிக்கு அருகே பட்டாம்பாக்கத்தில் பெத்தானியா என்ற பணித்தளத்தைத் தொடங்கினார். அவரை டேனிஷ் மிஷன் தாங்க முன்வந்தது. விழுப்புரம், திருக்கோவிலூர், திருவண்ணாமலை என்று விரிந்த அந்த வேலைதான் இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபை. திண்டிவனம் பக்கம் அமெரிக்க ஆற்காடு மிஷனின் களம். அந்த மிஷன் ஸ்கடர் சகோதரர்கள் 1853இல் அமைத்தது. டென்மார்க்கின் கிராமச் சபைகளிலும் அமெரிக்கச் சீர்திருத்தச் சபைகளிலும் சேர்ந்த காணிக்கைதான் இங்கே பள்ளிக்கூடமாகவும் ஆஸ்பத்திரியாகவும் எழுந்தது.

அந்த ஆதரவின் இரண்டு முகங்களையும் நம் மண்ணிலேயே பார்க்கலாம். 1890இல் உடல்நலமில்லாத தாயைப் பார்த்துக்கொள்ளத் திண்டிவனம் வந்திருந்த ஐடா ஸ்கடரிடம், ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் அடுத்தடுத்து வந்து, பிரசவத்தில் தவிக்கும் மனைவியைக் காப்பாற்றக் கேட்டார்கள். தான் மருத்துவம் படிக்கவில்லை, அப்பா டாக்டர், அவரை அழைத்துப்போங்கள் என்றார் ஐடா. ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்று மூவரும் திரும்பிப் போனார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். ஐடா அமெரிக்காவுக்குத் திரும்பி மருத்துவம் படித்தார். நியூயார்க் வங்கியாளர் ராபர்ட் ஷெல் தந்த பத்தாயிரம் டாலரில் 1902இல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவமனை திறந்தது. இன்றைய சி.எம்.சி. மருத்துவமனையின் வேர் அங்கே இருக்கிறது. கொடுத்தவர்கள் காலத்தோடு போய்விட்டார்கள். கொடுத்தது உள்ளூர் மனிதர்கள் நடத்தும் நிறுவனமாக நிற்கிறது. மிஷன் ஆதரவு எதை நோக்கிப் போக வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

மறுமுகம் திருக்கோவிலூரில் தெரிகிறது. டேனிஷ் மிஷனின் எஸ்தர் ஃபேரிங், ஆன் மேரி பீட்டர்சன் என்ற இரு பெண்கள் 1917இல் அகமதாபாத் சென்று காந்தியைச் சந்தித்தார்கள். திருக்கோவிலூரில் வேலை செய்த எஸ்தருக்குக் காந்தி மகளுக்கு எழுதுவதுபோல் கடிதம் எழுதிவந்தார். இந்த நெருக்கம் ஆங்கில அரசுக்கும் உறுத்தியது, மிஷன் நிர்வாகத்துக்கும் பிடிக்கவில்லை. இருவரும் மிஷனை விட்டு விலகினார்கள். பீட்டர்சன் பரங்கிப்பேட்டையில் சேவாமந்திர் பள்ளியை எழுப்ப, 1921இல் காந்தி வந்து அடிக்கல் நாட்டினார். களத்தில் இருப்பவர் கண்ட உண்மையைப் பணம் அனுப்புகிறவர் கேட்க மறுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இது சான்று. நல்ல ஊழியர்களை மிஷன் இழந்தது.

தமிழர்கள் அனுப்புகிறவர்களாக மாறிய கதையில் யாழ்ப்பாணத்துக்கு முதல் மரியாதை தர வேண்டும். அங்கிருந்த கிறிஸ்தவ இளைஞர்கள் தங்கள் சொந்தக் காசில் கடல் தாண்டித் தொண்டிக்கு ஊழியரை அனுப்பினார்கள். 1902இல் யாழ்ப்பாணம் சென்ற திருநெல்வேலிக்காரர் வே. ச. அசரியா அதைப் பார்த்துவிட்டு வந்தார். அடுத்த ஆண்டே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது அதன் கொள்கை. நிஜாம் ஆட்சியின் கீழிருந்த தோர்ணக்கல் பகுதிக்கு, தெலுங்கு படித்துக்கொண்டு போனார்கள் திருநெல்வேலிக்காரர்கள். அந்த நாளில் அதுவும் வெளிநாடுதான். 1910இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் பேசிய அதே அசரியா, மேலை மிஷனரிகள் உடைமையையும் உயிரையும் கொடுத்தார்கள், ஆனால் இந்தியர்களுக்கு நட்பைத் தரவில்லை என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னார். நூறாண்டுகளுக்குப் பிறகு அந்தக் குற்றச்சாட்டு நம்மையே நோக்கித் திரும்புகிறது என்று நான் நினைக்கிறேன்.

அதற்கு முன் பலத்தைச் சொல்லிவிடுகிறேன். 1959இல் தமிழ்நாட்டில் தொடங்கிய நண்பர் சுவிசேஷ ஜெபக்குழு, ஊருக்கு ஊர் சிறு ஜெபக்குழுக்களை நம்பியே வட இந்தியாவுக்கு ஊழியர்களை அனுப்பியது. உலை வைக்கும் முன் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்துவைக்கும் பிடியரிசி வழக்கம் நம் பெண்களிடமும் உண்டு, மிசோரம் பெண்களிடமும் உண்டு. மிசோ சபை அந்த அரிசியை விற்றே பெருந்தொகை திரட்டுகிறது. பல கைகளிலிருந்து சிறுகச் சேரும் பணத்துக்கு ஒரு தனி வலு இருக்கிறது. 2020இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் இறுக்கப்பட்டு, ஓர் அமைப்பு பெற்ற பணத்தை இன்னொன்றுக்கு மாற்றக் கூடாது என்றும், நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றும் ஆனபோது, வெளிப்பணத்தில் நடந்தவர்களுக்குக் கால் தடுக்கியது. பிடியரிசியில் நடப்பவர்களை அந்தத் திருத்தம் தொடவில்லை.

குறைகளில் முதலாவது, நாம் கேட்கிற அறிக்கை. தூரத்து ஊழியரின் ஜெபக்குறிப்பு வந்ததும் எத்தனை கிராமம், எத்தனை பேர் என்று கண் எண்ணிக்கையைத் தேடுகிறது. எண்ணிக்கை குறைந்தால் அடுத்த கமிட்டியில் இவரைத் தொடர்ந்து தாங்க வேண்டுமா என்ற கேள்வி எழுகிறது. குஜராத்தில் 2003இலும் ஜார்க்கண்டில் 2017இலும் மதமாற்றத் தடைச் சட்டங்கள் வந்துவிட்டன. அங்கே இருப்பவர் அனுப்பும் படத்தையும் பெயரையும் நம்மவர்கள் வாட்ஸ்அப் குழுக்களில் பரப்புவது அவரையும் அந்த ஊர் மக்களையும் ஆபத்தில் தள்ளுவதாகும். அதைவிட ஆழமான தவறு, ஒரு மக்கள் கூட்டத்தின் பசி, காய்ச்சல், படிப்பு, நிலப் பிரச்சினை எல்லாவற்றையும் ஒரே எண்ணாகச் சுருக்கிவிடுவது.

இரண்டாவது குறைதான் என்னை அதிகம் வருத்துகிறது. தூரத்துப் பழங்குடிக்காகக் கண்ணீரோடு ஜெபிக்கிற சபைக்கு, பக்கத்து இருளர் குடியிருப்பு கண்ணில் படுவதில்லை. விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி வட்டாரத்தில் அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு உழைத்த இருளர் குடும்பங்கள் எத்தனையோ. சாதிச் சான்றிதழுக்கும் வீட்டுமனைப் பட்டாவுக்கும் அவர்கள் அலைகிறார்கள். திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணியின் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் அவர்களோடு நிற்கிறது. இருளர் குடியிருப்பில் ஒரு மாலைப் பாடவகுப்புக்கு ஆசிரியரை அனுப்புவதை எத்தனை சபைகள் மிஷன் வேலையாக எண்ணுகின்றன? பக்கத்தில் போவதற்குச் சாதி தடையாக நிற்கிறது. தூரத்துக்குப் பணம் அனுப்ப அந்தத் தடை இல்லை. ஓக்ஸ் எதை எதிர்த்துப் பிரிந்து வந்தாரோ அது இன்னும் நம் தெருக்களைப் பிரித்துக்கொண்டுதான் இருக்கிறது.

உள்ளூர் உபதேசியாரின் நிலையும் இதோடு சேர்ந்தது. மழையானாலும் வெயிலானாலும் சைக்கிளிலோ பழைய மொபெட்டிலோ நாலைந்து ஊர் சுற்றுகிறவர் அவர். மிஷனரி ஞாயிறன்று மேடையில் ஏற்றி மாலை போடுவது வெளியிலிருந்து வந்தவருக்கு. உபதேசியாருக்கு நாற்காலி அடுக்கும் வேலை. அவருடைய மாதச் சம்பளம் ஒரு கொத்தனாரின் சில நாள் கூலிக்கு ஈடாகாத இடங்கள் உண்டு. வருங்கால வைப்பு நிதி, மருத்துவக் காப்பீடு, ஓய்வுக்குப் பின் குடியிருக்க ஒரு வீடு என்ற பேச்சே கமிட்டியில் எழுவதில்லை.

வெளிநாட்டில் நாம் தாங்கும் மிஷன் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நம் சபைகள் அறநிறுவனங்களாகப் பதிவானவை. வருமானம் இந்தியாவுக்குள் செலவானால்தான் வரிவிலக்கு என்பது பொது விதி. ஆகவே வெளிநாட்டுப் பங்காளி என்று அறிவிப்பது பெரும்பாலும் ஜெப உறவாகவே நிற்கிறது. அதில் குறை காண ஒன்றுமில்லை, அந்த உறவு கடிதத்தாலும் வருகையாலும் உயிரோடு இருக்கும்வரை.

சபை கமிட்டி உறுப்பினர்களிடம் எனக்கு மூன்று வேண்டுகோள் உண்டு. வரும் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் உபதேசியாரின் சம்பளத்தையும் காப்பீட்டையும் மற்ற எல்லா மிஷன் செலவுக்கும் முன்னால் எழுதுங்கள். தூரத்து ஊழியருக்கு ஆதரவை நிறுத்துவதாக இருந்தால் குறைந்தது ஓராண்டு முன்னதாகச் சொல்லுங்கள். அடுத்த அறுப்பின் பண்டிகைக்குப் பக்கத்து இருளர் குடியிருப்பின் பெரியவர்களை அழைத்து, அவர்களுக்கு என்ன தேவை என்று அவர்கள் வாயாலேயே சபையில் சொல்லக் கேளுங்கள்.